கண்ணாடிப் பெட்டி வடக்கே நகர்ந்தது

பெட்டிக்கு எதற்கு ஜன்னல்?

இந்தக் கேள்வியை நேரு பிளேஸில் பதினோரு கடைகளில் கேட்டேன். ஒன்பது பேர் சிரித்தார்கள். ஒருவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிக் கடைக்காரர் மட்டும் என் நரைக்கு மரியாதை கொடுத்து, "அங்கிள்ஜி, ஆஜ்கல் சப் க்ளாஸ் மே ஹி ஆதா ஹை" என்றார். இப்போதெல்லாம் எல்லாம் கண்ணாடியில்தான் வருகிறதாம். நல்ல இரும்புத் தகட்டில் செய்த, எல்லாப் பக்கமும் மூடிய, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் இத்தனை பெரிய தில்லியில் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊர் பார்க்க வேண்டுமாம். அது ஏழு நிறத்தில் மின்னவும் வேண்டுமாம்.

கரோல் பாக்கில் எங்கள் வீட்டுக்கு நான்கு ஜன்னல்கள். ஒன்றைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஒன்றில் ஏசி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைப் பெயிண்ட் அடித்தவன் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டுப் போனான். நான்காவதைத் தூசிக்கும் புகைக்கும் பயந்து நாங்களே திறப்பதில்லை. மனிதர்களுக்கு ஜன்னல் இல்லாத வீட்டுக்கு, இயந்திரத்துக்கு ஒரு ஜன்னல் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் திரும்பினேன். மடியில் அட்டைப்பெட்டி. எதிரே நின்ற பையன் அதன் மேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "கேமிங், அங்கிள்?" என்று கேட்டான். எனக்கு எழுபத்தைந்து வயது.

பெட்டி எனக்கு இல்லை. என் மகளுக்கு.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் கட்டாத கட்டடங்கள் கட்டினபின் எப்படி இருக்கும் என்று படமாகச் செய்து காட்டுவது அவள் தொழில். சுவர் ஏறும், வெளிச்சம் விழும், நாம் வாசலில் நுழைந்து மாடிப்படி ஏறிப் போவது போல் படம் நகரும். ஓர் அலுவலகத்தில் பதினான்கு வருஷம் அதைச் செய்தாள். மழைக்காலத்தில் ஒருநாள், அவள் நேரில் பார்த்தே இராத ஒருவர் திரையில் வந்து, ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அவ்வளவுதான். அவர் படித்து முடிப்பதற்கு முன்பே அவளுடைய லேப்டாப் பூட்டிக்கொண்டது. மனிதர்களை வேலையிலிருந்து அனுப்புவதில் எத்தனை ஜல்தி!

மறுநாள் கூரியர் ஆள் வந்தான். எங்கள் சாப்பாட்டு மேஜையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டான். சார்ஜரைக் கேட்டான். பையைக் கேட்டான். பிறகு மவுஸைக் கேட்டான். "பையா, மவுஸ் எங்களுடையது. நான் வாங்கித் தந்தது" என்றேன். பட்டியலில் இருக்கிறது என்றான். பட்டியல் தப்பு என்றேன். இருவரும் கத்தினோம். நான் மவுஸைக் கையில் மூடிப் பிடித்துக்கொண்டு, கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பதினான்கு வருஷத்தில் மிஞ்சியது அந்த மவுஸ் ஒன்றுதான்.

இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் காபி குடிக்கும்போது, "அப்பா, நானே தனியாப் பண்ணப் போறேன். அதுக்கு ஒரு மிஷின் வேணும். அசெம்பிள் பண்ணலாம்" என்றாள். ரெடிமேடாக வாங்கிவிடலாமே என்றேன். அவளுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு ரெடிமேடில் வராதாம். துபாயில் ஒரு கட்டட நிறுவனம் சோதனைக்கு ஒரு வேலை தரச் சம்மதித்திருந்தது. கட்டப்போகும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடந்து போவது போன்ற படம். விஜயதசமியன்று காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிடித்தால் ஒரு வருஷத்துக்குத் தொடர்ந்து வேலை. தவறினால், அவள் வயதில் இன்னொரு வாசல் திறக்கும் என்று அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து வேலையைத் தொடங்கினாள். கூடவே வந்த கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை, வெறும் படங்கள். நான் எதிரே உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்துத் திருகாணிகளைக் கொட்டினேன்.

"என்ன பண்றேள்?"

"எண்ணறேன்."

"கம்பெனிக்காரன் எண்ணித்தான் போட்டிருப்பான், அப்பா."

"உன் கம்பெனிக்காரனும் எண்ணித்தான் ஆளை அனுப்பினான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டாள். என் மனைவி சமையலறையிலிருந்து, "வாயத் திறந்தா முள்ளு" என்றாள்.

முப்பத்தொரு திருகாணிகள் இருந்தன. மத்திய அரசின் புள்ளிவிவரத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான். எண்ணுவது உத்தியோகத்தால் வந்த பழக்கம் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லுவாள். தப்பு. பழக்கம் இருந்ததால்தான் அந்த உத்தியோகம் கிடைத்தது. மகள் மதர்போர்டைப் பொருத்தினாள், பிராசஸரை உட்காரவைத்தாள், அதன் தலையில் சாம்பல்நிறப் பசையைப் பட்டாணி அளவு வைத்து மேலே உலோகக் கட்டியை இறக்கினாள். கிராபிக்ஸ் கார்டு ஒரு செங்கல் கனம் இருந்தது. விசிறிகள் ஏழு: மேலே மூன்று, முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. எல்லாம் முடிந்து, கண்ணாடியை மாட்டி, "ஆன் பண்ணலாமா?" என்று கேட்டபோது என் கணக்கில் ஒன்று உதைத்தது.

"இருபத்தேழு போட்டாச்சு. மிச்சம் மூணு இருக்கு. ஒண்ணக் காணும்."

"கீழ விழுந்திருக்கும்."

"கீழ பார்த்தாச்சு."

"அப்பா, ஒரு ஸ்க்ரூவுக்காக..."

"கரண்டுப் பெட்டிக்குள்ள இரும்பு விழுந்திருக்குன்னா, அது ஒரு ஸ்க்ரூ இல்லை."

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி, பெட்டியைச் சாய்த்துக் குலுக்கினாள். மதர்போர்டின் முதுகுப் பக்கத்திலிருந்து "க்ளிங்" என்று சத்தம் வந்தது. அதை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "அச்சா பாபா. எண்ணிக்கோங்கோ. இனிமே எதுவும் சொல்ல மாட்டேன்."

சுவிட்சைப் போட்டதும் ஏழு விசிறிகளும் சுழன்று, சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரிந்தன. நான் விளக்கை அணைக்கச் சொன்னேன். அதை அணைப்பதற்கு ஒரு மென்பொருளை இறக்கி, அதில் பெயர், ஈமெயில், பிறந்த தேதி எல்லாம் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டுமாம். என் வீட்டில் ஒரு விளக்கை அணைக்க எவனுக்கோ என் பிறந்த தேதி! "விடுங்கோ அப்பா, முதல்ல வேலை முடியட்டும்" என்றாள். விட்டேன்.

அவளுடைய அறை மேற்குப் பார்த்தது. ஐப்பசி நெருங்கியும் பகலில் தோசைக்கல் போலக் கிடந்தது. குளிர்ச்சியான இடம் ஹால் ஒன்றுதான். ஆனால் நவராத்திரி. ஹாலில் மனைவியின் கொலு, ஏழு படி. வருஷா வருஷம் அதன் காலடியில் கடுகு முளைக்கவிட்டு, குளம் வைத்து, பெஞ்சு போட்டு ஒரு பார்க் அமைப்பாள். இந்த வருஷம் இடுப்பு வலியால் பார்க் இல்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் மகள் பெட்டியை நிறுத்தினாள். பக்கத்தில் ஸ்டூலில் திரை. ஆஸ்பத்திரிப் படம் ஒவ்வொரு ஃப்ரேமாக உருவாக வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று திரையின் மூலையில் ஓர் எண். அதற்குக் கீழே சூட்டின் எண். மேல்பக்கத்து வலைத்தட்டைக் கழற்றிவிட்டால் சூடு நாலு டிகிரி குறைகிறது என்று அவள் அதைக் கழற்றி வைத்தாள்.

சரஸ்வதி பூஜையன்று காலையில் தொடங்கியது சண்டை.

"இன்னிக்கு எல்லாத்தையும் பூஜைல வைக்கணும். இதையும் நிறுத்து" என்றாள் மனைவி. புத்தகங்களையும் ஸ்ருதிப் பெட்டியையும் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியிருந்தாள். அன்றைக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது. பரீட்சைக்கு முந்தின நாள்கூட மகள் புத்தகத்தைத் தொட்டதில்லை.

"அம்மா, நிறுத்தினா நாளைக்குள்ள முடியாது."

"ஆயுதம் ஒரு நாள் ஓய்வு எடுத்துண்டா என்ன?"

என்னைப் பார்த்தார்கள். நான் ஆபீஸ் பாணியில் தீர்ப்புச் சொன்னேன்: கை பட்டால்தான் அது வேலை, கை படாமல் தானாக ஓடுவது வேலையாகாது. ஆகவே ஓடட்டும். ஆனால் மறுநாள் புனர்பூஜை வரை அதில் யாருடைய கையும் படக் கூடாது. மனைவி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். இப்படியொரு தீர்ப்பைச் சொன்னதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் திரையில் கணக்கு ஒழுங்காக இருந்தது. விடிவதற்குள் முடிந்துவிடும். முந்தின இரவு முழுக்கக் காவல் இருந்த மகள் படுத்துத் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் மாமி வந்தாள். மோதி பாக் குவார்ட்டர்ஸில் பதினெட்டு வருஷம் எங்களுக்கு எதிர்வீடு. கையில் மஞ்சள் பை. செருப்பைக் கழற்றும்போதே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏண்டி, இந்த வருஷம் பார்க் ரொம்ப மாடர்னா இருக்கே! உள்ள சுத்தறது என்ன, ஜெயண்ட் வீலா?"

சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்த மனைவி, "எல்லாம் பொண்ணு பண்ணினது மாமி, உட்காருங்கோ" என்றாள்.

மாமி உட்கார்ந்தாள். என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அது இரண்டு மாடிக்குக் கேட்கும்.

"பொண்ணுக்கு வேலை போயிடுத்தாமே?"

"தனியாப் பண்றா."

"தனியான்னா, ஆத்துல உட்கார்ந்துண்டுதானே? பேசாம இருக்கட்டும். நாப்பது தாண்டியாச்சு, இனிமே யார் கூப்பிடப் போறா? உங்க ரெண்டு பேருக்கும் ஒத்தாசையா இருக்கும். அவளும் கொலுவுக்கு பார்க் கட்டிண்டு பொழுதப் போக்கட்டுமே."

விருந்தாளி. கையில் தாம்பூலம் வாங்கப்போகும் சுமங்கலி. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து பால்கனிக்குப் போனேன். பூந்தொட்டிகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். எதிரே எங்கோ ராம்லீலாவின் ஒலிபெருக்கி ராவணனாகச் சிரித்துக்கொண்டிருந்தது. காபி ஆகிவிட்டது என்று மனைவி கூப்பிட்டபின்தான் உள்ளே வந்தேன்.

வந்ததும் வழக்கப்படி கண்ணாடி வழியாக விசிறிகளை எண்ணினேன். முன்னால் மூன்று. பின்னால் ஒன்று. மேலே இரண்டு.

மறுபடி எண்ணினேன். மேலே இரண்டுதான். நடுவில் இருந்தது நிறம் மாறி மாறி எரிந்தது, ஆனால் சுழலவில்லை. பெட்டியின் தலையில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரு சாண் கனத்துக்கு ஆரஞ்சு நிறச் சாமந்தி மாலை. மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். விடிவதற்குள் முடியவேண்டியது, நாளை மத்தியானம் என்று காட்டியது. சூடு தொண்ணூற்று மூன்று.

"யார் இதுக்கு மாலை போட்டா?"

"நான்தான்" என்றாள் மாமி, சுண்டலை மென்றபடி. "கொலுவுக்கெல்லாம் பூ இருக்கு. பார்க் மட்டும் மொட்டையா நின்னுது."

"இது பார்க் இல்லை, மாமி! கம்ப்யூட்டர்!"

"அதுக்கென்ன? அதுக்கும் சரஸ்வதிதானே?"

மாலையை நோக்கிக் கையை நீட்டினேன். மனைவி காபி டவராவோடு ஓடிவந்தாள். "ஏன்னா! தொடாதீங்கோ! பூஜைல இருக்கு. சாமிக்குப் போட்ட மாலை. காலம்பற நீங்கதானே சொன்னேள்?"

அப்போது கத்தினேன். அதுபோல நான் கத்தி வருஷங்கள் ஆகின்றன. கண்ணாடிப் பெட்டி விற்றவனை, திரையில் காகிதம் படித்தவனை, மவுஸைக் கேட்டவனை, விளக்கை அணைக்கப் பிறந்த தேதி கேட்டவனை, பதினெட்டு வருஷம் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு என் மகளை வீட்டில் உட்காரச் சொன்ன மாமியை, ஒருவர் விடாமல் திட்டினேன். மாமியை நேராகத் திட்டினேனா என்பதில் மனைவிக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு. நேராகத்தான் திட்டினேன்.

சத்தத்தில் மகள் எழுந்து வந்தாள். தலை கலைந்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்டாள்.

"எத்தனை?"

"ஆறு. மேல நடுவுல இருக்கறது நின்னுடுத்து. மாலை நூல் சுத்திண்டிருக்கு."

"டெம்பரேச்சர்?"

"தொண்ணூத்தாறு."

"நூறு வந்தா தானா பந்த் ஆயிடும்." குரல் சன்னமாக வந்தது. "பந்த் ஆனா மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம். ஆனா டயம் போறாது." மாலையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. நாற்பத்தொரு வயதில், தன் பிழைப்பு கண்ணெதிரே வெந்துகொண்டிருக்க, அவள் அம்மாவின் பூஜையைத் தொடாமல் நின்றாள். எனக்கு அதுவும் கோபமாகத்தான் இருந்தது. யாரும் அவளிடம் அத்தனை மரியாதையாக நடந்துகொள்ளவில்லையே.

மனைவி டவராவைக் கீழே வைத்தாள்.

"காலண்டரப் பாருங்கோ. தசமி பிறந்தாச்சா?"

சுவரில் தினசரிக் காலண்டர். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். நவமி பிற்பகலோடு முடிந்திருந்தது. "பிறந்தாச்சு."

"அப்போ இப்பவே புனர்பூஜை பண்ணிடறேன்."

மாமிக்குத் தாங்கவில்லை. "நன்னாருக்கு! கார்த்தாலதானே பண்ணுவா? எங்கயாவது விளக்கு வெச்சப்பறம் பண்ணுவாளா?"

"தசமில பண்ணணும்னுதான் மாமி இருக்கு. கார்த்தால பண்ணணும்னு எங்க இருக்கு, காட்டுங்கோ."

ஒரு அரசாங்க குமாஸ்தாவோடு நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள். விதி எங்கே முடிகிறது, வழக்கம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

பால், இரண்டு வாழைப்பழம். கற்பூரத்தட்டை எடுத்தவளை, "அம்மா, நெருப்பு மட்டும் வேண்டாம்" என்று மகள் தடுத்தாள். மனைவி மணியை மட்டும் அடித்தாள். மாமி, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பாட ஆரம்பித்தாள். தொண்ணூற்றேழு.

"இனி வடக்கே நகர்த்தணும்" என்றாள் மனைவி. பூஜை முடிந்ததற்கு அடையாளமாக, வைத்ததை வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நகர்த்தினபின்தான் அது மறுபடி நம் கைக்கு வரும். புத்தக அடுக்கை நகர்த்தினாள். ஸ்ருதிப் பெட்டியை நகர்த்தினாள். பிறகு மூவரும் ஓடிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தோம்.

"இருங்கோ, ஒயர்!" என்றேன். சுவரிலிருந்து வந்த கரண்டு ஒயரில் நாலு விரல் தளர்ச்சிகூட இல்லை. இழுபட்டுப் பிளக் நழுவினால் எல்லாம் முடிந்தது. "ஒரு விரற்கடை. அதுக்கு மேல ஒரு நூல் கூடாது."

மாமி பாட்டை நிறுத்தி, "வடக்கு அந்தப் பக்கம்" என்று ஏசியைக் காட்டினாள்.

"அது மேற்கு, மாமி. நீங்க பாடுங்கோ."

நான் பிளக்கை ஒரு கையால் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். அம்மாவும் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். பெட்டி தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. விளக்குகள் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. "போறும்!" என்று நான் கத்தினேன். "போறும்" என்று மனைவியும் சொன்னாள்.

மகள் மாலையைத் தூக்கி மாமியின் மடியில் வைத்தாள். விசிறியின் அச்சில் நூல் நாலைந்து சுற்று சுற்றி, நசுங்கின இதழோடு இறுகிக் கிடந்தது. நகவெட்டியால் நறுக்கி, கொண்டை ஊசியால் நெம்பி, அதைத் துண்டு துண்டாக எடுத்தாள். விசிறி ஒருமுறை நடுங்கியது. சுழன்றது.

"எண்ணுங்கோ, அப்பா."

"ஏழு."

சூடு தொண்ணூற்று ஒன்று. எண்பத்து நாலு. எழுபத்தெட்டு. மாமி மாலையைப் பையில் போட்டுக்கொண்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கிளம்பினாள். வாசலில் மட்டும் திரும்பி மகளிடம் சொன்னாள்: "அடுத்த வருஷம் ஒரு பொம்மையும் வை, உள்ள. நன்னாருக்கும்."

காலை பத்து மணிக்கு முன்பே படம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் துபாயிலிருந்து பதில் வந்தது. அதை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து, அந்த மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் அனுப்பியிருந்த அடுத்த கட்டடத்தின் வரைபடங்களைத் திறந்தாள். ஒரு வருஷத்துக்கான வேலை. பழைய ஆபீஸில் அவளுக்குத் தந்ததைவிடப் பெரிய கட்டடங்கள். நல்லது. அதனால் என் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கொலுவைக் கலைத்தாயிற்று. பொம்மைகள் பழைய வேட்டித் துணிக்குள் போய்விட்டன. கண்ணாடிப் பெட்டி மட்டும் ஹாலில் அதே இடத்தில், சுவரோரத்தில் இருக்கும் அலமாரிக்கும் ஷோகேஸுக்கும் நேராக இல்லாமல், ஒரு விரற்கடை துருத்திக்கொண்டு நிற்கிறது. கண்ணை உறுத்துகிறது. பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று பத்து தடவையாவது சொல்லிவிட்டேன். மனைவி கேட்பதாக இல்லை.

"வடக்கே நகர்த்தினத மறுபடி தெற்கே தள்ளுவாளா? வேணும்னா அலமாரிய நகர்த்துங்கோ."

அலமாரி இரும்பு. அதற்குள் முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள். முதலில் அவற்றை இறக்க வேண்டும். இன்று பாதி இறக்கியிருக்கிறேன்.